ஏட்டைப் படம் எடுத்தால் போதுமா?

போடிமெட்டில் மழை இரண்டாகப் பிரிகிறது. கிழக்குச் சரிவில் விழுவது போடிநாயக்கனூர்ப் பக்கம் கொட்டகுடி ஆறாக இறங்கி வைகையைத் தேடிப் போகிறது. மேற்குச் சரிவில் விழுவது ஏலத்தோட்டங்களின் ஊடே பன்னியாறாக ஓடி, பூப்பாறையைக் கடந்து, முதிரப்புழையில் கலந்து, பெரியாற்றோடு சேர்ந்து கொடுங்கல்லூர்ப் பக்கம் கடலை அடைகிறது. சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறை அந்த முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருந்தது. அதே கொடுங்கல்லூரில், 1301ஆம் ஆண்டு, மார் குரியாக்கோஸ் பெயரில் அமைந்த தேவாலயத்தில், சக்கரியா என்ற 14 வயதுத் திருத்தொண்டர் ஒருவர் பவுலின் திருமுகங்களைச் சிரியாக் மொழியில் படியெடுத்து முடித்தார். இந்தியாவில் எழுதி, நாளும் குறிக்கப்பட்ட சிரியாக் கையெழுத்து நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். இப்போது வத்திக்கான் நூலகத்தில் ‘சிரியாக் 22’ என்ற எண்ணோடு இருக்கிறது. அதன் வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அமைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆண்டின் எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்தத் திருநாளில், எந்தப் பகுதியைச் சபையில் வாசிக்க வேண்டும் என்று பிரித்து அடுக்கிய வாசக நூல் அது. தனியாக உட்கார்ந்து புரட்டிப் பார்க்க அந்தப் பையன் அதை எழுதவில்லை. கூட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படிப்பதற்காகவே எழுதினான்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் ‘ஞான பாரதம்’ என்ற இயக்கம் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் நிறுவனங்களிலும் தனியாரிடமும் இருக்கிற ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்தி, காப்பது அதன் நோக்கம். நல்ல காரியம், பல தலைமுறைகள் தாமதமாக வந்த காரியம். ஆனால் சுவடி அட்டவணை என்றால் நம் நாட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? நூலின் பெயர், ஆசிரியர், எழுத்து, ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், சிதைவின் அளவு. இவ்வளவும் எழுதி, ஒவ்வோர் ஏட்டையும் படம் பிடித்துவிட்டால் சுவடி காப்பாற்றப்பட்டதாக எண்ணிக்கொள்கிறோம். போடி ஏல மையத்தில் லாட் எண்ணை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் விலை கேட்பதில்லை. காயை உள்ளங்கையில் கொட்டி நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். சுவடி விஷயத்தில் நாம் லாட் எண்ணோடு நின்றுவிடுகிறோம். யார் அதை வாசித்தார், யாருக்கு, எந்த நாளில், எந்த ராகத்தில் என்பது பதிவாகாத வரை நம் கையில் இருப்பது பாதிச் சுவடிதான் என்பது என் வாதம். அதற்குச் சான்று தேடத் தொடக்ககாலக் கிறிஸ்தவ நூல்களை விட நல்ல இடம் இல்லை. பழங்காலக் கையெழுத்து நூல்களில் இவற்றைப் போல் ஆராயப்பட்டவை குறைவு. அவற்றை ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த ஆளும் வாசகர்தான்.

முதலில் அவை எப்படி உருவாயின என்று பார்ப்போம். மடத்தின் தனியறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துறவி பொன் மையால் எழுதுகிற காட்சி பிற்கால ஐரோப்பாவுக்கு உரியது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் கடன் பத்திரமும் மனுவும் கணக்கும் எழுதிப் பழகிய கைகள். முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போன சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் நிபந்தனைகள், மறுபக்கம் ‘எர்மாபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. அப்படிப்பட்ட பாப்பிரஸ் தாளில்தான் நற்செய்திகளும் எழுதப்பட்டன. எகிப்தின் வறண்ட மணல் அவற்றையும் காத்தது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய துறையில் கணன், சாதன் என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளையும் காத்தது. அன்றைய கிரேக்க, ரோமானியப் படிப்பாளிகள் இலக்கியத்தைச் சுருளில்தான் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் தொடக்கத்திலிருந்தே தாளை மடித்துத் தைத்த நூலை விரும்பினார்கள். குறிப்பேட்டுக்கும் கணக்குக்கும் பயன்பட்ட வடிவம் அது. கௌரவம் குறைவு, கைக்கு வசதி அதிகம்.

எழுத்துக்கூலிக்கும் ஆதாரம் இருக்கிறது. 301ஆம் ஆண்டு ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் முதல்தர எழுத்துக்கு 100 வரிக்கு 25 தெனாரியம், இரண்டாம் தரத்துக்கு 20, மனுவும் பத்திரமும் எழுதுகிறவருக்கு 10 என்று இருக்கிறது. அதே ஆணையில் விவசாயக் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாளுக்கு 25. மாற்கு நற்செய்தி பழைய கணக்கில் ஏறத்தாழ 1,600 வரி. முதல்தர எழுத்தில் அந்தச் சிறிய நூலைப் படியெடுக்க ஒரு கூலியாளின் 16 நாள் சம்பளம் ஆகும். தாள், மை, தையல் எல்லாம் தனி. ஒரு குடும்பத்துக்கு ஒரு நூல் என்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. வாங்கக்கூடியது சபைதான், அதுவும் திரட்டித்தான். செல்வந்தர் ஆதரவு கிடைத்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற அறிஞருக்கு அம்புரோசியுஸ் என்ற புரவலர் சுருக்கெழுத்தாளர்களையும் படியெடுப்பவர்களையும், அழகெழுத்தில் பயின்ற பெண்களையும் அமர்த்திக் கொடுத்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

டப்ளினிலும் மிச்சிகனிலும் பிரிந்து கிடக்கிற ‘பாப்பிரஸ் 46’ என்ற நூலைக் கிட்டத்தில் பார்த்தால் எழுதியவரின் பாடு தெரியும். ஏறக்குறைய 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பவுலின் திருமுகங்கள் அடங்கியது. 52 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரே மடிப்பாக மடித்து 104 ஏடு ஆக்கியிருக்கிறார்கள். இப்படிக் கட்டினால் எத்தனை தாள் வேண்டும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். பாதியில் சேர்க்க முடியாது. இவர் குறைவாகக் கணக்குப் போட்டுவிட்டார். நடுப்பக்கத்தைத் தாண்டியதும் அது உறைத்திருக்கிறது. எழுத்து நெருங்குகிறது, பக்கத்துக்குப் பக்கம் வரிகள் கூடுகின்றன. அங்கங்கே சொல் விட்டுப்போயிருக்கிறது, வரி தாவியிருக்கிறது. சில திருமுகங்களின் முடிவில் இத்தனை வரி என்ற கணக்கு இருக்கிறது, கூலிக்கான கணக்காக இருக்கலாம். பிறகு வேறொரு கை, வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதற்குச் சிறு குறிகள் இட்டிருக்கிறது. எழுதியவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நூலோடு தங்கியவர் அந்தக் குறி இட்ட மனிதர்.

குறி தேவைப்பட்டதன் காரணத்தைத் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கால கிரேக்க நூல்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். கடவுள், ஆண்டவர், இயேசு போன்ற பெயர்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு இழுத்திருப்பார்கள். நம் ஓலைச்சுவடியும் அப்படியே. இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் வைக்கமாட்டார்கள். எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும்கூட ஒன்றாகவே தோன்றும். ஏட்டில் ‘கொல’ என்று கண்டால் அது கொல், கோல், கோல, கொல இவற்றில் எது? ‘கெரல’ என்றுகூடப் படிக்கலாம். முன்பே கேட்டுப் பழகிய காது இருந்தால்தான் கண் சரியாகப் படிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவாக்க முனைந்ததற்கு இந்தத் தொல்லைதான் காரணம். எழுத்து என்பது தெரிந்த ஓசையை நினைவூட்டும் கருவி. தெரியாத ஓசையை அது தராது. கிரேக்கமானாலும் தமிழானாலும் இந்த உண்மை ஒன்றுதான்.

அதனால் சபையில் வாசகர் தனிப் பொறுப்பாளர் ஆனார். ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ஜஸ்தின் என்பவர் ரோமில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை விவரிக்கும்போது, நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுவதையும், திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும் வரை வாசிக்கப்படுவதையும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் பிரசங்கம். அக்காலப் பேரரசில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள் என்பது ஹாரி கேம்பிள் போன்ற ஆய்வாளர்களின் மதிப்பீடு. நூலைச் சார்ந்த சமயம் நூல் படிக்கத் தெரியாதவர்களிடையே பரவியது இந்த ஏற்பாட்டால்தான். கேட்பது படிப்பதாகவே கருதப்பட்டது.

வாசகர் எவ்வளவு முக்கியம் என்பதை அரசாங்கம் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. 303ஆம் ஆண்டு வேத நூல்களை எரிக்கச் சொல்லித் தியோக்கிளேசியன் ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா நகரில் மே 19 அன்று நடந்த சோதனையின் பதிவு அப்படியே கிடைத்திருக்கிறது. நூல்கள் வாசகர்களிடம் இருக்கின்றன என்றார் ஆயர். நூலகத்தின் அலமாரிகள் காலியாக இருந்தன. அதிகாரிகள் வாசகர்களின் வீடு வீடாகப் போனார்கள். விக்டர் என்ற இலக்கண ஆசிரியர் இரண்டு நூல்களையும் தைக்காத நான்கு மடிப்புகளையும் கொடுத்தார். இன்னொரு வாசகர் வீட்டில் இல்லை; அவர் மனைவி ஆறு நூல்களை எடுத்து நீட்டினார். சபையின் நூல்நிலையம் என்பது உண்மையில் ஐந்தாறு குடும்பங்களின் வீட்டுப் பரண். அடுத்த ஆண்டு, 304 பிப்ரவரியில், எகிப்தில் கைசிஸ் என்ற சிற்றூரின் முன்னாள் தேவாலயத்து வாசகர் அம்மோனியுஸ், சபைக்குச் சொத்து எதுவும் இல்லை என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் வேறொருவர் அவருக்காகக் கையெழுத்திட்டார். எழுத்து தெரியாத வாசகர்! கையெழுத்திட மனமில்லாமல் தந்திரம் செய்தார் என்கிறார்கள் சிலர். கிரேக்கம் தெரியாது, நாட்டு மொழி தெரியும் என்கிறார்கள் வேறு சிலர். மனப்பாடமாக ஒப்பித்து வந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சபையின் நூல் அவருடைய தொண்டையில்தான் இருந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதை அச்சு வந்த பிறகும் தொடர்ந்தது. தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முற்றுப்பெற்றது. இந்த ஆண்டுகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அச்சு எந்திரம் வரும்வரை தரங்கம்பாடியிலும் ஓலையில்தான் படியெடுத்தார்கள். 1606இல் இயேசு சபைத் துறவி நொபிலி வந்து சேர்ந்த மதுரை மிஷனின் உள்நாட்டு ஊர்களில் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் ஓலையே ஆட்சி செய்தது. வீரமாமுனிவர் 1727ஐ ஒட்டி எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ யாருக்காக? ஊர் ஊராகப் போய், பாமரருக்கு வேதம் வாசித்துச் சொல்கிற உபதேசியார்களுக்காக. இலங்கையில் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்பட்டே தலைமுறைகளைக் கடந்தது. அதன் ஏட்டை வைத்துக்கொண்டு ராகத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? கோயில் திண்ணையில் பாரதம் வாசித்ததும் இதே வகைதான். கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலும், மலைமேல் ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின் சிற்றாலயங்களிலும் இன்று பூசையில் வாசகம் வாசிக்க எழுந்து நிற்பவர் வகிப்பது சிர்த்தாவின் விக்டர் வகித்த பதவிதான்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பழங்காலத்தில் மௌன வாசிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. மிலான் ஆயர் அம்புரோஸ் குரல் எழுப்பாமல் படித்ததை அகுஸ்தீன் ஒரு செய்தியாக எழுதினார். அதை வைத்து மௌன வாசிப்பே அதிசயம் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. என் வாதத்துக்கு அது குறுக்கே நிற்கவும் இல்லை. தனியே மௌனமாகப் படித்தவர்கள் நூல் வாங்க வசதி பெற்ற சிலர். சபைக்கு எழுதிய நூல்கள் காதை நம்பியே எழுதப்பட்டன. இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம்: ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் தன் விருப்பப்படி வாசிப்பார், கேட்பவர் ஏமாறுவார், ஆகவே எழுத்தை மட்டும் நம்புவதே நல்லது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம் பழமொழியே இருவர் மீதும் குற்றம் சாட்டுகிறது. அப்படியானால் எழுத்துக்கு மட்டும் நற்சான்று எப்படித் தருவது? கேட்பவரும் அவ்வளவு ஏமாளி அல்லர். 403ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய திரிப்போலியான ஓயாவில் ஆயர் ஒருவர் ஜெரோமின் புதிய விவிலிய மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவின் கதையை வாசிக்க வைத்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி வழக்கமான சுரையாக இல்லாமல் வேறு கொடியாக மாறியிருந்தது. சபையில் பெரும் கூச்சல். தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்து நினைவில் ஊறிய சொல் அது. கடைசியில் ஆயர் பழைய சொல்லுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று என்று அகுஸ்தீன் எழுதுகிறார். ஜெரோம் சரியா, சபை சரியா என்பது வேறு வழக்கு. பெரும்பாலும் எழுத்து தெரியாத கூட்டம் ஒரு செடியின் பெயர் மாறியதைக் கண்டுபிடித்தது என்பதுதான் இங்கே சாட்சி.

எல்லோரும் கேட்க அனுமதி இருந்ததா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஏடு சாதி வேலிக்குள் இருந்தது. பலரை அதன் ஓசை எட்டவே விடவில்லை. வாசிப்பைப் பதிவு செய்யச் சொல்வது அந்த வேலியைப் போற்றுவது ஆகாதா? யாருக்கு வாசித்தார்கள் என்று எழுதினால்தான் யாருக்கு வாசிக்கவில்லை என்பதும் தெரியும். ஏட்டின் நீள அகலம் அந்தக் கதையைச் சொல்லாது. எந்தச் சமயத்துக்கும் இதில் சுத்தமான கை இல்லை. 303இல் அரசு செய்ததை 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் கோவா பேராயர் மெனெசிஸே செய்தார்: சிரியாக் நூல்களை ஒப்படைக்கச் சொல்லி, திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டார். சக்கரியாவின் வாசக நூலைப் போன்றவை கேரளத்தில் எத்தனை இருந்தன என்று இனி எண்ண வழியில்லை. பல நூல்கள் சாம்பலாயின. மொழியும் ராகமும் வழிபாட்டில் மிஞ்சியதால்தான் அந்தச் சபைகள் மறுபடி எழுதிக்கொள்ள முடிந்தது.

படங்கள் இருந்தால் போதும், படிப்பது பிறகு நிபுணர்கள் பாடு என்பது திட்டமிடுபவர்களின் பதிலாக இருக்கும். உ.வே. சாமிநாதையரை விடப் பெரிய நிபுணரை நாம் காட்ட முடியாது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, அவர் சீவக சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தபோது, தமிழைக் கரைத்துக் குடித்த அவருக்கே பல இடங்கள் பிடிபடவில்லை. அவ்வூர்ச் சமணர் வீடுகளில் அந்தக் காப்பியத்தை முறையாக வாசித்துப் பொருள் சொல்லும் வழக்கம் உயிரோடு இருந்தது. அந்த வீடுகளுக்குப் போய், வாசிப்பவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் பதிப்பு வந்தது. அவரிடம் ஏடு ஏற்கெனவே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது வாசித்தவர்கள். அந்தக் குடும்பங்கள் ஒரு தலைமுறை முன்பே வாசிப்பை விட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

போடி இருக்கிற தேனி மாவட்டத்துக்கு எழுத்தின் வரலாறு புதிதல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி நடுகற்கள் அதற்குச் சாட்சி. கல்லுக்கு வாசகர் இல்லாமல் ஈராயிரம் ஆண்டு காத்திருக்க முடிந்தது. ஓலைக்கு அந்த ஆயுள் கிடையாது. நல்ல பராமரிப்பில் சில நூற்றாண்டுகள். போடி மலையடிவார ஈரத்தில் அதுவும் குறையும். சித்த வைத்தியர் வீடுகள், பழைய கணக்கர் குடும்பங்கள், ஜமீன் சார்ந்த வீடுகள், கோயில்கள், ஆலயங்கள் என்று கணக்கெடுப்பாளர்கள் இந்தப் பக்கம் வரும்போது, ஏட்டைக் கேட்கிற அதே மூச்சில் அதை வாசிக்கக் கேட்டவர்களையும் கேட்க வேண்டும். தாத்தா மருந்துச் சுவடியை எப்படிப் பாடிக்கொண்டே புரட்டுவார், தவக்காலத்தில் எந்தப் பக்கம் எந்த இரவில் வரும், வாசிப்பவர் தடுமாறினால் திருத்தியது யார் என்பதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது வயது எண்பதை ஒட்டி இருக்கும். அட்டவணைப் படிவத்தில் வாசித்தவர், கேட்டவர், வாசிக்கும் நாள் என்று மூன்று கட்டங்கள் கூடுதலாகச் சேர்த்தால் போதும். தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஏட்டைப் படம் எடுக்கப் போகிறவரின் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவும் இருக்கிறது.